நாய்க்கும் பள்ளம்தானா?

உச்சநீதி மன்றம் 2025 நவம்பர் 7-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், விளையாட்டு அரங்குகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகிய இடங்களிலே திரியும் தெரு நாய்களைப் பிடிக்க வேண்டும். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகங்களிலே சேர்க்க வேண்டும். பிடித்த இடத்திலேயே மீண்டும் கொண்டுபோய் விடக்கூடாது. நெடுஞ்சாலைகளிலே படுத்துக் கிடக்கும் மாடுகளையும் அப்புறப்படுத்தித் தொழுவங்களிலே வைத்துப் பேணவேண்டும் என்றும் அதே ஆணை கூறிற்று. அதற்கு மூன்று மாதம் முன்னர், ஆகஸ்டு 11-ஆம் நாள், டில்லி வட்டாரத்து நாய்களை யெல்லாம் அடைத்து வைக்கச் சொன்னதும், பதினொரே நாளில், 22-ஆம் நாள், பெரிய ஆயம் அதனை மாற்றி, ஊசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலே விடலாம், வெறிநாயையும் கடிக்கும் நாயையும் மட்டும் நிறுத்திவை என்றதும் நாடறிந்த செய்திகள்.

அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நாய்களைப் பிடிக்காதே என்று ஒரு சாரார். பிடித்து அடை என்று மற்றொரு சாரார். மருத்துவமனை வாயிலிலே கடிபட்டு அழும் குழந்தையின் தாயிடம் சென்று ஜீவகாருண்யம் பேசும் துணிவு நமக்கில்லை. அதுபோலவே, வாய் பேசா உயிர்களைக் கொன்று தீர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பேசுவோருடன் சேர்ந்து கூச்சலிடவும் நமக்கு மனம் இல்லை. அந்த வழக்கு எந்தத் திசையிலே திரும்பினாலும், ஒன்று மட்டும் உறுதி: இனி ஊருக்கு ஊர் காப்பகங்கள் வரும். சென்னை மாநகரில் மட்டும் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் தெரு நாய்கள் உள்ளன என்று கண்டார்கள். அதிலே பத்தில் ஒரு பங்கை அடைப்பதென்றாலும் 18 ஆயிரம் நாய்களுக்கு இடம் வேண்டும்.

எங்கே அந்த இடம்?

இந்தக் கேள்வியை வழக்காடியவர்கள் போதுமான அளவு கேட்கவில்லை. ஏடுகளும் கேட்கவில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

நகரத்திலே மேட்டு நிலம் என்ன விலை விற்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேட்டு நிலத்திலே பங்களா வரும், வணிக வளாகம் வரும், வண்டி நிறுத்துமிடம்கூட வரும். நாய்க் கொட்டகைக்கு எவரும் இடம் தரார். தந்தாலும், குரைப்புச் சத்தம் தாளவில்லை என்று அக்கம்பக்கத்தார் மறுநாளே மனுவோடு வந்து நிற்பார்கள். எஞ்சுவது என்ன? ஏரிக்கரை, குப்பைமேட்டின் ஓரம், ஆற்றங்கரைப் புறம்போக்கு, சதுப்பு நிலத்தின் விளிம்பு. அதாவது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தண்ணீர் தானாக வந்து தங்கும் இடங்கள். கோப்பிலே 'காலியிடம்' என்று எழுதியிருக்கும். அது காலியாக இருப்பதற்குக் காரணம், ஆண்டில் இரண்டு மாதம் அது தண்ணீருக்குச் சொந்தம் என்பதுதான். அதைக் கோப்பு சொல்லாது. பக்கத்துக் குடிசையிலே இருக்கும் கிழவியைக் கேட்டால் சொல்லுவாள்.

சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக் கடலுக்குப் போகவேண்டும். ஒரு காலத்தில் 5 ஆயிரம் எக்டேருக்கு மேல் பரந்து கிடந்த நிலம் அது. 2022-ஆம் ஆண்டு உலகச் சிறப்புவாய்ந்த ராம்சார் ஈரநிலம் என்று அதற்குப் பட்டம் சூட்டியபோது, பட்டத்திலே அடங்கிய பரப்பு சுமார் 1,248 எக்டேர். பெருங்குடிக் குப்பை அங்கே போயிற்று. சாலைகள் அங்கே போயின. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை போட்டிருந்த ஏழைகளை, வெள்ளத்திலிருந்து காக்கிறோம் என்று சொல்லி, வேருடன் பிடுங்கிக் கொண்டுபோய்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நட்டார்கள். அங்கேயும் வெள்ளம்! 2015-லும் வெள்ளம், 2023-ஆம் ஆண்டு டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்தபோதும் வெள்ளம்.

நகரம் தனக்கு வேண்டாததை எங்கே தள்ளுகிறது என்று பார்த்தாலே அதன் மனம் விளங்கிவிடும். முதலில் குப்பை, பின்னர் ஏழை. அடுத்து நாயா?

விலங்குக் காப்பகத்தைப் பற்றி எழுத வந்தவர்கள் மனிதரைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே நிலப்படத்திலே இருக்கின்றன; அதனால் பேசுகிறோம்.

தெருவிலே திரியும் நாய் வெள்ளம் கண்டால் என்ன செய்யும்? திண்ணையிலே ஏறும்; மதில்மேல் ஏறும்; மாடிப்படியிலே போய் நிற்கும். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கனஅடி திறந்துவிடப்பட்டு, அடையாறு கரை மீறி, ஊர் தூங்கிக் கொண்டிருக்கையிலே வீடு புகுந்ததே, அந்த இரவிலும் எத்தனையோ நாய்கள் தாமே மேடு தேடிப் பிழைத்தன. ஆனால் கூண்டிலே இருக்கும் நாய் எங்கே போகும்? அதன் கதவுக்கு வெளியிலே தாழ்ப்பாள். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டிய ஆள் சைதாப்பேட்டையிலோ தாம்பரத்திலோ தன் குடும்பத்தோடு மாடியிலே நிற்கிறான். பாலத்தின்மீது தண்ணீர் ஓடுகிறது. தொலைபேசி வேலை செய்யவில்லை. முழங்கால் அளவு தண்ணீர் மனிதனுக்குத் தொல்லை. கீழ்வரிசைக் கூண்டிலே அடைபட்ட நாய்க்கு அதுவே கடல்.

முழுகிச் சாவது மட்டுமா? காப்பகத்திலே இருப்பவை நல்ல உடம்போடு வந்தவை அல்ல. லாரியில் அடிபட்டு இடுப்பொடிந்தது ஒன்று, கருத்தடைக் கத்தி பட்டு மூன்றாம் நாள் ஆனது ஒன்று, கண் திறவாத குட்டிகள் சில. அவற்றின் புண்ணிலே சாக்கடை கலந்த தண்ணீர் படுகிறது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதைக் கழுவித் துடைக்கும் பணியாளுக்கும் வரும். மின்சாரம் நின்றால், 2 முதல் 8 டிகிரிக் குளிரிலே வைக்க வேண்டிய வெறிநாய்த் தடுப்பூசி மருந்து வீணாகும். ஜெனரேட்டரைத் தரையிலே வைத்திருப்பார்கள். வெள்ளத்திலே முதலில் முழுகுவது அதுதான். தீவன மூட்டை ஊறிப் புளித்துப் போகும். எந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்று, எதற்குப் போடவில்லை என்ற பதிவேடும் கரைந்து போகும். பயந்து, பசித்து, மதில் இடிந்த வழியாக வெளியேறும் நாய்களிலே எது வெறிநோய் ஐயத்தில் தனியே கட்டி வைத்திருந்த நாய் என்று எவர் சொல்ல முடியும்? ஊரைக் காப்பதற்கென்று கட்டிய காப்பகம், ஒரே இரவிலே ஊருக்கு அச்சமாகிவிடும். நாய்மீது இரக்கம் இல்லாதவர்கள் இந்த ஒன்றையாவது எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டு வந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையிலே தனி மசோதா கொண்டு வந்தார். சர்க்காரே சட்டம் கொண்டு வரும் என்று நேரு உறுதி கூறியபின் அதைத் திரும்பப் பெற்றார். அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒரு விலங்கைத் தன் பொறுப்பிலே வைத்திருப்பவர் எவராயினும், அதன் நலத்துக்கும் அது வீணே துன்புறாமைக்கும் தக்க நடவடிக்கை எடுப்பது அவர் கடமை என்கிறது. அதற்கும் முன்னே, வெள்ளையன் காலத்து 1871-ஆம் ஆண்டுக் கால்நடைச் சட்டம், கொண்டித் தொழுவத்திலே மாட்டை அடைத்தால் தீனியும் தண்ணீரும் தருவது தொழுவக்காரன் பொறுப்பு என்றது. அடைத்தவனே காக்கவேண்டும் என்பது நம் கிராமத்துப் பட்டிக்காரனுக்கும் தெரிந்த நியாயம். அப்படியானால் மாநகராட்சி அடைத்தால் மாநகராட்சி பொறுப்பு. நீதிமன்றம் அடைக்கச் சொன்னால், அடைக்கும் இடம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்துக்கும் உண்டு அல்லவா?

1962-ல் அமைந்த விலங்கு நல வாரியம் பல ஆண்டுகள் சென்னையிலேதான் இருந்தது. ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவர். 2018-ஆம் ஆண்டு அதனை அரியானாவிலுள்ள பல்லப்கருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நம்மிடம் இருந்த மத்திய அலுவலகங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றையும் டில்லிக்குப் பக்கத்திலே வைத்துக்கொண்டால்தான் மனம் ஆறும் போலும்! வடகிழக்குப் பருவமழை என்றால் என்னவென்று பல்லப்கரிலே உட்கார்ந்திருப்போர் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஊரிலே மழை ஆடியிலும் ஆவணியிலும் பெய்யும். நமக்கோ அக்டோபரிலே தொடங்கி டிசம்பர் வரை. அகில இந்தியாவுக்கும் ஒரே விதி எழுதினால், அந்த விதியிலே நம் கார்த்திகை விட்டுப் போவதில் வியப்பில்லை.

பணம் என்று வந்தால் இன்னும் வேடிக்கை. பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு என்று 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் ஒரு பட்டியல் வகுத்தது. கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000. கன்றுக்கும் கழுதைக்கும் 20,000. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100. உடைமையாளனின் இழப்பை ஈடுசெய்யும் பட்டியல் அது; வறியவன் மாடு செத்தால் அவன் பிழைப்பே செத்ததற்குச் சமம், ஆகவே அந்த ஈடு தேவை, இன்னும் கூடவும் தரலாம். ஆனால் உடைமையாளன் இல்லாத உயிருக்கு அந்தப் பட்டியலிலே இடமில்லை. காப்பகத்து நாய் எவனுடைய சொத்தும் அன்று. எனவே அது செத்தால் இழப்பும் இல்லை! பட்டியலிலே இடம் பெறுவதும் பெரிய காரியம் அன்று என்பதையும் நாம் கண்டோம். 2023 டிசம்பரிலே சென்னையும் அதன் சுற்றுப்புறமும் முழுகி, இரு வாரத்துக்குள் நெல்லையும் தூத்துக்குடியும் முழுகி, தமிழ்நாடு 37 ஆயிரம் கோடிக்கு மேல் கேட்டது. 2024 ஏப்ரலிலே தேசிய நிதியிலிருந்து விடுவித்தது 276 கோடி. மனிதருக்கே இந்தக் கைவிரிப்பு என்றால், நாய்க்காக டில்லியை நம்பிக் காத்திருப்பது காரியத்துக்கு ஆகாது. நம் மாநகராட்சியும் நம் மாநிலமும்தான் செய்யவேண்டும்.

செய்ய முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டிலே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் அழித்தது. அந்நகரத்து விலங்குக் காப்பகம் தாழ்வான பகுதியிலே, கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. புயல் கரையேறுவதற்கு முன்னரே, அங்கிருந்த 263 விலங்குகளையும் வண்டிகளிலே ஏற்றி டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த விலங்கு எந்த வண்டியில், எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. பின்னர் மதகுச் சுவர்கள் உடைந்து, கட்டடம் தண்ணீரிலே நாசமாயிற்று. கூண்டுகளிலே உயிர் எதுவும் இல்லை. அதே நகரத்தில், வளர்ப்பு நாயையும் பூனையையும் ஏற்றிச் செல்ல மீட்புப் படகுகள் மறுத்தபடியால் வீட்டை விட்டு வரமாட்டோம் என்று இருந்துவிட்டவர்கள் பலர். அந்தப் பாடத்தால் மறு ஆண்டே, 2006-ல், பேரிடர்த் திட்டம் தீட்டும்போது வளர்ப்பு விலங்குகளையும் சேர்த்துத் தீட்டினால்தான் மத்திய நிதி என்று அமெரிக்கா சட்டம் செய்தது. பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2018-ஆம் ஆண்டு கேரள வெள்ளத்திலே, திருச்சூரில் ஒரு பெண்மணி தான் வளர்த்த 25 நாய்களையும் ஏற்றினாலன்றி நான் வரமாட்டேன் என்று மீட்புக் குழுவைத் திருப்பி அனுப்பினார். பிறகு அவற்றையும் மீட்டார்கள். விலங்கைக் காப்பது மனிதரைக் காப்பதிலேயே ஒரு பகுதி என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970-ஆம் ஆண்டுப் புயலிலே இலட்சக்கணக்கானோர் மாண்டபின், அந்தக் கடலோரத்திலே 'கில்லா' என்று சொல்லி மண்மேடுகள் எழுப்பினார்கள். புயல் எச்சரிக்கை கேட்டதும் ஆடுமாடுகளை அங்கே ஓட்டிச் செல்லலாம். அசாமிலே காசிரங்காக் காட்டில், பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் பொங்கி வரும்போது காண்டாமிருகங்கள் ஏறி நிற்பதற்கென்று செயற்கை மேடுகள் போட்டிருக்கிறார்கள். தாயை இழந்து தத்தளிக்கும் குட்டிகளுக்கு 2002 முதல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையமும் நடக்கிறது. வெள்ளம் வரும் என்று ஒப்புக்கொண்டு வேலை செய்கிறார்கள். நாமோ ஒவ்வோர் ஆண்டும் வராத விருந்தாளி வந்துவிட்டதுபோல் திகைக்கிறோம்.

நம் ஊருக்கே இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு மழையிலே தியாகராயநகர்த் தெருவில் தண்ணீரில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் எடுத்து வந்ததிலிருந்து பிறந்ததுதான் 'புளூ கிராஸ்' என்று அந்த அமைப்பின் கதை சொல்லப்படுகிறது. கொல்லாமல் கருத்தடை செய்யும் திட்டத்தை 1964-லேயே அது தொடங்கிற்று. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல். அந்த அமைப்பின் தலைமையிடம் இன்று இருப்பது எங்கே? வேளச்சேரியில்! மழை எச்சரிக்கை வந்தாலே நகரம் எந்தப் பெயரைச் சொல்லி அஞ்சுகிறதோ, அந்த வேளச்சேரியில். 2024 அக்டோபரிலே பெருமழை வருகிறது என்றதும், வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை யெல்லாம் மேம்பாலத்தின்மீது கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டோம்; கடன் வாங்கி வாங்கிய கார், முன்னமே ஒருமுறை முழுகிய கார். ஆனால் காருக்கு மேடு உண்டு என்று கண்டுபிடித்த நகரம், கூண்டிலே அடைத்த உயிருக்கும் ஒரு மேடு கண்டுபிடிக்க முடியாதா?

இங்கே ஒரு தடங்கல் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. பள்ளத்திலே உள்ள காப்பகத்தை மண்கொட்டி மேடாக்கினால், அங்கே தங்க வேண்டிய தண்ணீர் அடுத்த தெருக் குடிசைக்குப் போகும். நாய்க்கு மேடு, ஏழைக்கு வெள்ளம் என்றால் எவன் பொறுப்பான்? நாமும் பொறுக்க மாட்டோம். ஆகவே நீர்வழியிலும் ஏரியிலும் சதுப்பிலும் புதிய காப்பகம் எதுவும் கூடாது. நல்ல நோக்கம் என்பதற்காக ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்பு அல்லாமல் போகாது. ஏற்கெனவே தாழ்விடத்திலே இருப்பவற்றுக்கு மண்ணடித்தல் வேண்டாம். தூண்கள் நிறுத்தி, 2015-ஆம் ஆண்டு வெள்ளம் எட்டிய கோட்டுக்கு மேலே தளம் போடட்டும். கீழே தண்ணீர் தன் வழியே போகட்டும். மேலே ஏறுவதற்குப் படி மட்டும் போதாது. இடுப்பொடிந்த நாயைத் தூக்கிச் செல்லவும், மாடு ஏறவும் சாய்தளம் வேண்டும். ஜெனரேட்டரும் மருந்துப் பெட்டியும் மாடியிலே இருக்கவேண்டும். இதற்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். நம் ஊர்க் கொத்தனார் செய்வார்.

கட்டடத்தைவிட அவசரமானது ஆள் ஏற்பாடு. மழைக்காலத்திலே இரவில் தங்கும் பணியாளுக்குத் தனிக் கூலி உண்டா, காலணியும் கையுறையும் உண்டா, எலிக்காய்ச்சல் மருந்து உண்டா? நாய் பிடிக்கும் தொழிலாளரும் கூண்டு கழுவும் தொழிலாளரும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள்; அவர்கள் வீடுகளும் பள்ளத்திலேதான். அவர்களுடைய பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்திலே சேர்த்த பிறகே அவர்களை வேலைக்கு அழைக்கவேண்டும். எத்தனை நாய் இருக்கிறதோ அத்தனை கயிறும் வாய்ப்பூட்டும் கையிருப்பிலே இருந்தால்தான் ஓரிரவில் வெளியேற்ற முடியும். ஏற்றிக்கொண்டு போக எந்த லாரி, இறக்கி வைக்க எந்த மாநகராட்சிக் கட்டடம் என்று செப்டம்பரிலேயே எழுத்தில் இருக்கவேண்டும். ஏரி திறக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு கலெக்டருக்குப் போகும்போதே காப்பகத்துக்கும் போகவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, மழைநீர்க் கால்வாய்க்கு நகரம் கொட்டும் கோடிகளின் முன்னே ஒரு துளி.

டெண்டர் விஷயத்திலும் ஒரு சொல். ஏப்ரலிலே நிதி ஒதுக்கி, ஜூலையிலே டெண்டர் விட்டு, அக்டோபரிலே பள்ளம் தோண்டி, முதல் மழையிலே அந்தப் பள்ளத்தையே குளமாக்கும் வழக்கத்தை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பஞ்சாங்கம் மாறுவதில்லை. மாநகராட்சி மன்றத்திலே அமர்ந்திருக்கும் நம் தோழர்கள் இதை மன்றத்திலேயே கேட்கவேண்டும். புதிய காப்பகம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தருமுன், அந்த இடத்திலே 2015-லும் 2023-லும் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று கோப்பிலே எழுதச் சொல்லவேண்டும். எழுதாத கோப்பைத் திருப்பி அனுப்பவேண்டும்.

வட்டக் கழகத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வட்டத்திலே உள்ள நாய்க் காப்பகம், கருத்தடை நிலையம், மாட்டுத் தொழுவம் எதுவாயினும் நேரிலே சென்று பாருங்கள். வெள்ளம் எட்டிய கோடு சுவரிலே இன்னும் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை கூண்டுகள் உள்ளன, இரவில் சாவி யாரிடம் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் குறித்து நமக்கு எழுதுங்கள். வட்டத்தின் எண்ணோடு, வந்த கடிதங்களை இதே பக்கத்திலே வெளியிடுவோம். மாநகராட்சி ஆணையருக்கும் ஒரு படி அனுப்புவோம்.